புதுப்பிப்பு: அம்மாவோடு இங்கிலாந்து, இத்தாலி – போய் வந்துவிட்டோம்

"இரண்டு வாரத்தில் இங்கிலாந்துச் சிற்றூர்களையும் இத்தாலிக் கடற்கரையையும் அம்மாவோடு நிதானமாகப் பார்க்க முடியுமா?" என்று மே மாதம் கேட்டிருந்தேன். ஊர்களைக் குறைக்கச் சொன்னீர்கள். குறைத்தோம், அதுதான் காப்பாற்றியது.

இங்கிலாந்தில் பாத் நகரில் ரோமானியர் குளியல் குளத்தைப் பார்த்தோம். ஊற்று 46 டிகிரி சூட்டில் வருகிறது, பச்சைத் தண்ணீர்மேல் மெல்லிய ஆவி. ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது வெல்ஸ் ஊரின் பேராலயம்தான். அதன் கோபுரம் கீழே அமிழ்ந்ததால் 1338-இல் முட்டாகக் கட்டத் தொடங்கிய கத்தரிக்கோல் வடிவ வளைவுகளின் கீழே ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்து அரண்மனை அகழியில் அன்னங்கள் கயிற்றை இழுத்து மணியடித்துச் சாப்பாடு கேட்கும்!

அப்புறம் இத்தாலியில் சிங்க்வே தெர்ரே என்னும் கடற்கரை ஊர்கள். ஐந்து ஊர்களில் மான்தெரோஸ்ஸோவில் தங்கியது சரியான முடிவு. சமதரை, மணல் கடற்கரை. எலுமிச்சை பிழிந்த நெத்திலியை அம்மா இரண்டாம் தட்டும் கேட்டார். மற்ற ஊர்களுக்கு ரயிலில் சில நிமிடங்கள்தான். கோர்னிலியாவுக்கு மட்டும் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 380 படி. முழங்கால் வலி இருந்தால் சிறு பேருந்தைப் பிடியுங்கள், நாங்கள் அதில்தான் போனோம்.