மலையில் இருந்துகொண்டு ஆன்லைனில் செஸ் சாமான் வாங்கியவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி அம்மா

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் பட்டம் ஜெயித்த வாரம். மரத்தில்தான் செட் வேண்டும் என்று என் மகள் ஒரே பிடிவாதம். ஆர்டர் போட்டேன். மேட்டுப்பாளையம் வரை மூன்று நாள், அங்கிருந்து மேலே ஏற ஆறு நாள். அதை விடுங்கள், நமக்குப் பழகியதுதான்.

பிரித்து அடுக்கினாள். அடியில் பச்சை ஃபெல்ட், கையில் எடுத்தால் நல்ல கனம். கடைசியில் பார்த்தால் கறுப்பில் ஒரு குதிரை குறைகிறது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் விழுந்தது இன்னொரு வெள்ளைக் குதிரை. வெள்ளைக்கு மூன்று, கறுப்புக்கு ஒன்று.

விற்றவர்களுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள்: "மொத்தம் எத்தனை காய் இருக்கு மேடம்?" முப்பத்திரண்டு என்றேன். "அப்போ கரெக்டாதானே இருக்கு?" நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்! போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டால் "வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்" என்று பதிவாகி, புகாரையே மூடிவிட்டார்கள். அந்த ஒரு "ஆமாம்" இன்னும் உறுத்துகிறது.

குன்னூர் பெரியவர்

காய் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும் அம்மா. எனக்கு வந்தது புத்தகம்.

காபபிளாங்கா 1921இல், உலக சாம்பியன் ஆன அதே வருடம், எழுதிய 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்'. நான் எழுபதுகளில் லைப்ரரியில் படித்தது. பேரனுக்கு வாங்கினேன். காப்புரிமை முடிந்த புத்தகம் என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அச்சடித்தும் விட்டார்கள். அட்டை பளபளவென்று இருந்தது. முதல் பாடம், ஒரு ராஜாவும் ஒரு யானையும் வைத்து மேட் செய்வது. 'இந்த நிலையில்' யானை ஏழாவது வரிசைக்குப் போக வேண்டும் என்கிறது. எந்த நிலையில்? படம் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'இல்லஸ்ட்ரேஷன்' என்று ஒரு சொல். அடுத்த பக்கமும் அப்படியே. புத்தகம் முழுக்க ஒரு படம்கூட இல்லை.

போதாததற்கு எல்லா நகர்வும் பழைய டிஸ்கிரிப்டிவ் முறையில். அதில் வெள்ளை தன் பக்கத்திலிருந்து எண்ணும், கறுப்பு தன் பக்கத்திலிருந்து எண்ணும். ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர். உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே 1981லேயே இதை அங்கீகரிப்பதை நிறுத்திவிட்டது. பேரன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "தாத்தா, இது கணக்குப் புக்கா?" என்றான். இப்போது பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக நானே யோசித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பதினேழு முடிந்திருக்கிறது.

கொடைக்கானல் பி.டி. மாஸ்டர்

முதலில் எழுதிய அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலையில் மரச் செட் வாங்கியதே தப்பு. எங்கள் பள்ளிக்கு மடக்கும் மரப் போர்டு ஆறு வாங்கினேன். ஒரு ஐப்பசி தாங்கவில்லை. பனியும் ஈரமும் ஏறி நடுவில் படகு மாதிரி வளைந்துவிட்டது. ராஜாவை வைத்தால் தானாகச் சாய்கிறார், ஆட்டத்தை விட்டுக்கொடுத்த மாதிரி.

என் கதை அவ்வளவுதான். இனி வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சுருட்டி வைக்கிற வினைல் போர்டு வாங்குங்கள், துடைத்தால் போதும். காய் கனமுள்ள பிளாஸ்டிக். போட்டிக்கு ராஜா 9.5 சென்டிமீட்டர் உயரம், கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள். போர்டும் காயும் தனித்தனியாக வாங்கினால் பொருத்தம் பார்க்க வேண்டும்: ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் நெருக்கி நின்றால் சரி. தளத்தில் போடுகிற போட்டோவை நம்பாதீர்கள், அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'பெரிய சைஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அது சாவிக்கொத்தில் மாட்டுகிற சைஸாகத்தான் இருக்கும். டிஜிட்டல் கடிகாரம் வாங்கினால் ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதல் நேரம் சேர்க்கும் வசதி இருக்கிறதா பாருங்கள், வெறும் கவுன்ட்-டவுன் கடிகாரத்தை இப்போதைய போட்டிகள் பலவற்றுக்குக் கொண்டுபோக முடியாது. கூடுதல் ராணி இரண்டு சேர்த்து 34 காய் வருகிற செட்டாக எடுங்கள். புத்தகம் என்றால் உள்பக்க மாதிரி காட்டாத விற்பனையாளரிடம் வாங்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பார்சல் பிரிக்கும்போது கட்டாயம் வீடியோ எடுங்கள். லேபிள் தெரிய வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. இதைச் செய்திருந்தால் அக்காவுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

கட்டபெட்டு பக்கம்

மாஸ்டர், குற்றத்தை மரத்தின் மேல் போடாதீர்கள். உங்களுக்கு வந்தது முழு மரமே இல்லை, அட்டைப் பலகை மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. மேலே மட்டும் ஒட்டி அடியில் விட்டால் ஈரம் ஒரு பக்கமாக ஏறும், வளையாமல் என்ன செய்யும்? அமிர்தசரஸில் ஷீஷம் மரத்தில் கடைகிறார்களே, அது நம் கூடலூர் ஈட்டி மரத்துக்குச் சொந்தம். என் செட் மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது.

அது என் கைக்கு வந்த கதை வேறு. கூரியர் தம்பி போன் செய்து, "அண்ணா, உங்க வீட்டுக்கு வண்டி இறங்காது, ஜங்ஷன் டீக்கடையில குடுத்துட்டேன்" என்றான். எனக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் போனால் அட்டைப்பெட்டி ஒரு மூலையில் நைந்து கிடக்கிறது. என் போர்டு பெஞ்சின் மேல் விரித்திருக்கிறது. தேயிலை ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், சுற்றி நாலு பேர். மழையில் பெட்டி பிய்ந்துபோனதாம், காய் தொலையக் கூடாதே என்று எடுத்து அடுக்கினார்களாம். அடுக்கிய பிறகு சும்மா இருக்க முடியுமா என்றார் டீ மாஸ்டர்.

என் காசு 1,850 ரூபாய். கேட்டு வாங்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தச் சமயம் பார்த்துக் கறுப்பு ஆடியவர் ராணியைக் கொண்டுபோய்க் குதிரை வெட்டுகிற கட்டத்தில் வைத்தார். "ஐயோ அண்ணே, அங்கே வேண்டாம்" என்று கத்திவிட்டேன். அப்புறம் எனக்கும் ஒரு டீ வந்தது. ஓரக் கட்டத்தில் இன்னும் டம்ளர் வட்டம் இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை.

குன்னூர் பெரியவர்

34 காய் வாங்கச் சொல்லும் மாஸ்டருக்கு: அப்படி வாங்கியிருந்தால், இரண்டு காய் அதிகம், திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லியிருப்பாள் அம்மாவிடம் போனில் பேசிய அந்தப் பெண்.

கோத்தகிரி அம்மா

மாஸ்டர் சார், பார்சல் வந்தபோது கரண்டே இல்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் பிரித்தோம். வீடியோவில் என்ன தெரியும்?

திருப்பி அனுப்பவும் பார்த்தேன். எங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்க ஆள் இல்லை, நீங்களே அனுப்புங்கள் என்றார்கள். செலவைக் கேட்டதும் விட்டுவிட்டேன். மூன்றாவது வெள்ளைக் குதிரைக்கு மகள் அவள் அப்பாவின் ஷூ பாலிஷைப் பூசிவிட்டாள். பார்க்க அச்சு அசல் கறுப்புக் குதிரைதான். ஆனால் அதைத் தொட்டவர் விரல் கறுத்துவிடும். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன், "நான் குதிரையைத் தொடவே இல்லை" என்று சாதித்தான். இவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். தொட்ட காயை ஆடித்தான் ஆக வேண்டும் என்று ஆட வைத்துவிட்டாள்.