சத்தியவேடு கல்லாயுதங்கள்: மூலப்பாறையை எக்ஸ்ஆர்எஃப் காட்டிக்கொடுக்குமா?

ஆரணியாறு:
ஆந்திரத்தின் சத்தியவேடு, நாகலாபுரம் பக்கம் கிடைத்த 40 குவார்ட்சைட் கைக்கோடரிகள், பிளவைகள் (அகன்ற வெட்டுமுனை உள்ள கல்லாயுதங்கள்). ஆய்வுக்கு அனுமதி உண்டு, உடைக்க இல்லை. கைக்கருவி எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளப்பது) பத்து நாள் கிடைக்கும். நாகரி மலைப் பாறையா, அல்லிக்குழி கூழாங்கல்லா என்று பிரிக்க முடியுமா?

சரளைமேடு:
கஷ்டம் சார். எரிமலைக் கண்ணாடிக் கருவி என்றால் எளிது, அது ஒரே குழம்பில் உறைந்தது. ரூபிடியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம் பார்த்தாலே பெரும்பாலும் மலை தெரிந்துவிடும். குவார்ட்சைட் இறுகிய மணல். பெரும்பகுதி சிலிக்கா, சிர்கோனியம் ஏறக்குறைய முழுக்கச் சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் அடைந்து கிடக்கும். கதிர் விழும் 8 மி.மீ. வட்டத்தில் அந்த மணிகள் கூடிய பட்டை மாட்டினால் எண் எகிறும். அதனால் கல்லுக்கு 5 இடம், இடத்துக்கு 120 வினாடி. சராசரியோடு விலகலையும் எழுதுங்கள்.

இரும்பு, மாங்கனீசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செம்மண் சரளையில் கிடந்த கல்லில் அது மண் ஏற்றிய கறை. தண்ணீர், நைலான் பிரஷ் போதும்; கம்பி பிரஷ் தொட்டால் உலோகம் ஒட்டும். பிளவையின் மெல்லிய ஓரமும் ஆகாது. சிர்கோனியக் கதிர் சுமார் 3 மி.மீ. ஆழத்திலிருந்தும் வருவதால் மெலிந்த இடத்தில் அளவு குறைந்து காட்டும்.

பாறைமுகம்:
அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. அல்லிக்குழி, சத்தியவேடு கான்குளோமரேட்டில் (கூழாங்கற்கள் இறுகிய பாறை) இருக்கும் கூழாங்கற்களும் நாகரி வகைக் குவார்ட்சைட்தான். அந்தக் காலத்து மனிதர் மலையில் பெயர்த்தாலும் ஓடையில் பொறுக்கினாலும் வேதியியல் ஒரே பதிலைத்தான் தரும். முதலில் மேல்தோலை, அதாவது செதுக்காமல் விட்ட பழைய கல் முகத்தைப் பாருங்கள்: உருண்டு தேய்ந்து, மோதல் தழும்போடு இருந்தால் கூழாங்கல், தட்டையான வெடிப்பு முகம் இருந்தால் பாறை. இதற்குக் கைலென்ஸ் போதும்.

ஒப்பீட்டுப் பாறையை உடைக்கலாமே, இடத்துக்கு 20 துண்டாவது எடுங்கள். ஒரே மலைக்குள் இருக்கும் வேறுபாடு இரண்டு மலைகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிதானால் ஆட்டம் முடிந்தது. அகேட் (கடினமான மணிக்கல்) உரலில் அரையுங்கள். டங்ஸ்டன் கார்பைடில் டங்ஸ்டனும் கோபால்ட்டும் கலந்துவிடும். ஐசிபி-எம்எஸ்ஸுக்கு (கரைசலில் நுண்ணளவுத் தனிமங்களை அளக்கும் ஆய்வகக் கருவி) ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை மட்டும் நம்பினால் சிர்கான் கரையாமல் அடியில் தங்கும். லித்தியம் மெட்டாபோரேட்டோடு 1000 டிகிரியில் உருக்கிக் கரைப்பதே வழி.

சில்லு:
நம்பிக்கை விடவேண்டாம். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் உள்ள சார்சன் எனும் பெருங்கற்கள் 99 சதவீதம் சிலிக்கா. அவற்றில் பெரும்பாலானவற்றின் ஊரை 2020-இல் கண்டுபிடித்தார்கள். மற்ற தனிமங்களைச் சிர்கோனியத்துக்கு விகிதமாக்கி 20 இடங்களோடு ஒப்பிட்டார்கள். ஆனால் அங்கே 58-ஆம் கல்லில் 1958-இல் துளைத்தெடுத்த உருளை கையில் இருந்ததால் உடைத்து ஆய முடிந்தது. உங்களிடம் அகழாய்வுக் கழிவுச் சில்லு இருந்தால் அதற்கு மட்டும் தனி அனுமதி கேளுங்கள்.

ஆரணியாறு:
மேல்தோல் உள்ளவை 17. அவற்றை முதலில் பிரித்துவிட்டுத்தான் கருவியைத் தொடுவேன்.