உதவி: மர மேசைக்கு பிரெஞ்சில் 'ஆன்' போடுவதா, 'து' போடுவதா?

முல்லை: மரத்தால் ஆனது என்று எழுத 'ஆன் புவா' சரியா, 'து புவா' சரியா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 'ஆன்' போட்டும் தப்பு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவசரம், இன்று இரவே போட வேண்டும்.

குமிழி: எங்கே போட வேண்டும்? தேர்வா, கடிதமா? முழு வாக்கியத்தைத் தாருங்கள்.

கரிசல்: 'ஆன்' தான், யோசிக்கவே வேண்டாம். பருத்திச் சட்டைக்கு 'ஆன் கொத்தோன்', தோல் பைக்கு 'ஆன் குயிர்'. 'து' எல்லாம் கவிதைக்கு.

பழைய_மாணவர்: அடிப்படைப் பாடம். கேட்கும் முன் பழைய இழைகளைத் தேடும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. கரிசல் சொல்வதும் பாதிதான். மரத்தில் செய்த பொய்க்கால் என்றால் 'ழாம்ப் து புவா', இரயில் பாதை 'ஷ்மேன் து ஃபேர்'. இவையும் கவிதையா?

கரிசல்: அவை உறைந்துபோன தொடர்கள் ஐயா. அவர் கேட்டது மேசை.

பழைய_மாணவர்: மேசைக்கும் 'து' தப்பில்லை. இலக்கிய நடை, அவ்வளவுதான்.

குமிழி: சண்டை அப்புறம். முல்லை, வாக்கியம்?

முல்லை: பழைய மேசை விற்கிற விளம்பரம். 'ஊன் தாப்ல் ரோந்த் ஆன் புவா மாசீவ்', அதாவது முழு மரத்தில் செய்த வட்ட மேசை.

குமிழி: அட, 'ஆன்' சரிதான். சிக்கல் கடைசிச் சொல்லில். பிரெஞ்சில் மேசை பெண்பால், ஆனால் 'மாசீவ்' இங்கே மரத்தைச் சொல்கிறது. 'புவா' ஆண்பால், எனவே 'மாசிஃப்', கடைசி எழுத்து எஃப். 'ரோந்த்' மேசையின் வடிவம், அது பெண்பாலாகவே இருக்கட்டும். 'செய்யப்பட்ட' என்று சேர்த்தால் அதுவும் மேசையோடு போகும்: 'ஃபே' அல்ல, 'ஃபெத்'. கல் பெண்பால் என்பதால் வெள்ளைக்கல் சிலை 'ஆன் பியேர் பிளான்ஷ்'. இன்னொன்று, தோல் பைகள் பத்து இருந்தாலும் 'குயிர்' பின்னால் எஸ் வராது.

பாரிஸ்_கிழக்கு: எல்லோரும் 'ஆன்' என்று எழுதுகிறீர்கள். அது மூக்கொலி, 'ன்' தனியாகக் கேட்காது.

கரிசல்: தங்கத்துக்குக் கேட்குமே, 'ஆன்-னோர்'?

பாரிஸ்_கிழக்கு: பின்னால் உயிர் ஒலி வந்தால் கேட்கும். மேசைக்குக் கேட்காது.

பழைய_மாணவர்: தமிழ் எழுத்தில் பிரெஞ்சு ஒலியைப் பிடிக்க நினைப்பதே வீண் வேலை.

கரிசல்: மேலே 'ஷ்மேன்' என்று எழுதியது யாராம்?

முல்லை: மாசிஃப் என்று மாற்றிப் போட்டாச்சு. நன்றி.

தொந்தி_தம்பி: தேக்கா அக்கா? என்ன விலை?