பட்டில் பிடித்த சாயம் சுங்குடித் துணியில் நிற்கவில்லை, உதவி தேவை

முடிச்சுக்காரி:
விளக்குத்தூண் பக்கம் வாங்கிய சிவப்புச் சாயம். வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் வினிகர் விட்டு ஒரு பட்டுத் துண்டை முக்கினேன். அருமையாகப் பிடித்தது, சோப்புப் போட்டும் போகவில்லை. சுங்குடிக்காக முடிச்சுப் போட்ட பருத்தித் துணியை அதே மாதிரி முக்கினால், முதல் அலசலிலேயே வாளி முழுக்கச் சிவப்பு; துணி வெளிறிய ரோஸ். அதிலும் திட்டுத்திட்டாகச் சில இடங்களில் சாயமே ஏறவில்லை. முடிச்சு இருந்த இடங்களைச் சொல்லவில்லை, வெறும் துணியில்தான். துணி தறியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, துவைக்கவில்லை.

வைகைக்கரை:
கல்லுப்பு நிறையப் போட்டுக் கொதிக்க விடுங்கள். எங்கள் ஆச்சி அப்படித்தான் செய்வார்.

பட்டறைக்காரர்:
கொதிக்க விட்டால் கேஸ்தான் வீண். பாக்கெட்டில் ஆசிட் சாயம் என்று இருக்கிறதா பாரும்மா. இருந்தால் அது பட்டுக்கும் கம்பளிக்கும் உரியது. பட்டு நூல் என்பது ஃபைப்ராயின் என்ற புரதம், அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அந்தச் சங்கிலியில் அங்கங்கே இருக்கும் அமினோ தொகுதிகள் வினிகரில் நேர்மின்னேற்றம் பெறும். ஆசிட் சாயத்துக்கு எதிர்மின்னேற்றம், அதனால் போய் ஒட்டிக்கொள்ளும். பருத்தி செல்லுலோஸ், வெறும் குளுக்கோஸ் கோத்த சங்கிலி. அதில் ஹைட்ராக்சில் தொகுதிகள்தான் உண்டு, அமினோ கிடையாது. சாயம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

2005இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மதுரைச் சுங்குடி பருத்திச் சேலைதான். அதற்கு ரியாக்டிவ் சாயம் வாங்கு, 'கோல்ட் பிராண்ட்' என்று கேள், தங்கமில்லை, குளிர்ச்சி என்ற cold. 1956இல் சந்தைக்கு வந்த சரக்கு இது. செல்லுலோஸின் ஆக்சிஜனோடு சகப்பிணைப்பே போட்டுவிடும், பிறகு அலசினால் போகாது. ஆனால் காரம் இல்லாமல் அந்தப் பிணைப்பு நடக்காது. முதலில் உப்பு, சாயம் நூலுக்குள் போன பிறகு சோடா ஆஷ். ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து புலம்பாதே, அதன் காரம் பத்தாது.

வைகைக்கரை:
அப்ப உப்பு வேலை செய்யும்தானே?

பட்டறைக்காரர்:
இந்தச் சாயத்துக்குச் செய்யும். தண்ணீரில் பருத்தியும் எதிர்மின்னேற்றம், சாயமும் எதிர்மின்னேற்றம், இரண்டும் விலகும். உப்பு அந்த விலகலைக் குறைக்கும். ஆச்சி எந்தச் சாயத்தில் போட்டார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஆய்வகத்துத் தம்பி:
திட்டு விழுந்ததற்குக் காரணம் வேறு, அக்கா. தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள், அது போகாமல் இருக்கும். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து துணி ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து.

கஞ்சியும் பருத்தியும் குளுக்கோஸ்தான். மாவுச்சத்தில் ஆல்ஃபா இணைப்பு, அதனால் சங்கிலி சுருள்கிறது. அந்தச் சுருளுக்குள் அயோடின் புகுவதால்தான் நீலம் வருகிறது. செல்லுலோஸில் பீட்டா இணைப்பு. சங்கிலிகள் நேராக, கரும்புக் கட்டு மாதிரி நெருங்கிப் படுத்திருக்கும். அமைலேஸ் நொதி ஆல்ஃபா இணைப்பை மட்டும் வெட்டும், பீட்டாவைத் தொடாது. ஆகவே கஞ்சி கரையும், துணி தப்பிக்கும். சாயக்கடையில் கஞ்சி எடுக்கும் என்சைம் என்று கேளுங்கள்.

முடிச்சுக்காரி:
தம்பி, கருநீலம்தான்! கடையில் என்சைம் இல்லை. முளைகட்டிய கேழ்வரகிலும் அது உண்டாமே? அரைத்துக் கொதிக்க வைத்துத் துணியைப் போடவா?

ஆய்வகத்துத் தம்பி:
உண்டு, ஆனால் கொதிக்க வைத்தால் கெட்டது. அமைலேஸும் ஒரு புரதம். கொதியில் அதன் மடிப்பு குலையும், மடிப்பு குலைந்தால் வெட்டாது. ஊறவைத்து அரைத்து, மண்டியில்லாமல் வடிகட்டுங்கள். 55 முதல் 60 டிகிரி சூட்டில் துணியைப் போட்டுவிட்டு, அவ்வப்போது அயோடினில் பாருங்கள். நீலம் வராமல் போனதும் சோப்புப் போட்டு அலசுங்கள். முடிச்சை அதற்கப்புறம் போடுங்கள்.

கைத்தறிப் பையன்:
சின்னாளபட்டி செயற்கைப் பட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ரேயானாக இருந்தால் பெயரில்தான் பட்டு, உள்ளே செல்லுலோஸ். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் நிஜப் பட்டு, தாள் எரியும் வாடை வந்தால் இல்லை.

முடிச்சுக்காரி:
கஞ்சி போய்விட்டது, ரியாக்டிவ் சாயமும் ஏறிவிட்டது. புள்ளிகள் வெள்ளையாகவே நிற்கின்றன, திட்டு இல்லை. ஆனால் அலசும்போது இன்னும் லேசாகச் சிவப்பு வருகிறதே, அண்ணே? அப்புறம், பட்டும் பருத்தியும் கலந்த சேலைக்கும் இதே சோடா போடலாமா?

பட்டறைக்காரர்:
ஒட்டாத சாயம் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். தண்ணீரும் சாயத்தோடு வினைபுரிந்து அதைச் செத்ததாக்கிவிடும். சூடான சோப்புத் தண்ணீரில் அலசு, தெளிந்துவிடும். சோடா போட்டு மிஞ்சிய சாயத்தண்ணீரை நாளைக்கென்று எடுத்து வைக்காதே, அதுவும் செத்துப்போகும்.

கலப்புச் சேலையில் இந்த அளவு சோடா வேண்டாம். காரம் கூடினால் பட்டு பளபளப்புப் போய் நைந்துவிடும். ரியாக்டிவ் சாயம் பட்டிலும் பிடிக்கும், ஆனால் காரத்தைக் குறைத்து முதலில் ஒரு துண்டுத் துணியில் போட்டுப் பார்த்துவிட்டுச் சேலையில் கை வை.