மறுமொழி: வரி ஏலத்துக்குப் பின் நிற்கும் பணம் – ‘உபரி நிதி’ வேண்டாம், ‘வரிபோக மீதி’

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வீட்டு வரி கட்டாமல் விட்டால், கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் அரசு) வீட்டை ஏலத்தில் விற்றுப் பாக்கியை எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் பணத்தைக் கேட்டு வாங்கும்படி வீட்டை இழந்தவருக்குச் சொல்ல நாம் தயாரிக்கும் மாதிரிக் கடிதத்தில், அந்தப் பணத்துக்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> அமெரிக்க வரி ஏலங்களில் பாக்கிக்கு மேல் வரும் தொகைக்கு ‘உபரி நிதி’ என்றே வைத்துவிடலாம். அகராதியில் இருக்கிற சொல், எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். உபரி என்றால் தேவைக்கு மேல் இருப்பது. உபரி நீர், உபரி மின்சாரம், உபரி ஆசிரியர்கள் என்றுதான் அன்றாடம் படிக்கிறோம். ‘இது இன்னாருக்குச் சேர வேண்டியது’ என்ற பொருள் அதில் எங்கேயும் இல்லை. வீட்டை இழந்த ஒருவருக்கு ‘உபரி நிதி’ என்று தலைப்பிட்ட கடிதம் போனால், ஏதோ அரசாங்கக் கணக்கு என்று மடித்து வைத்துவிடுவார். இந்தப் பணத்துக்கோ கெடு உண்டு. டெக்சஸில் ஏல நாளிலிருந்து இரண்டு வருடம். கலிபோர்னியாவில், வாங்கியவர் பெயரில் பத்திரம் பதிவானதிலிருந்து ஒரு வருடம். மிச்சிகனில் இன்னும் கடுமை: சொத்து கைவிட்டுப் போன அந்த ஆண்டின் ஜூலை 1-க்குள் 5743-ஆம் எண் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும். தலைப்பைப் பார்த்ததும் ‘இது என் பணம்’ என்று தோன்றாவிட்டால் கெடு தாண்டிவிடும்.

அது அவர் பணம்தான் என்பதில் இப்போது சந்தேகமும் இல்லை. மினியாபொலிஸில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் அடுக்ககக் குடியிருப்புக்கு வரிப் பாக்கி சுமார் 2,300 டாலர்தான். வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 ஆனது. ஹென்னபின் கவுண்டி அதை 40,000-க்கு விற்று, மிஞ்சிய 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், வரிக்கு மேற்பட்ட பணத்தை அப்படி எடுத்துக்கொள்வது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. மிச்சிகனில் இதைவிடக் கொடுமை நடந்தது. ஓக்லண்ட் கவுண்டியில் வரியை 8 டாலர் 41 சென்ட் குறைவாகக் கட்டியதில் தொடங்கிய பாக்கிக்காக ஒரு வீடு 24,500 டாலருக்கு விலைபோனது. உடையவருக்கு ஒரு சென்ட் திரும்பவில்லை. அது தவறு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் நாம் அதை ‘உபரி’ என்றால், கவுண்டி அந்தக் காலத்தில் நினைத்தபடியே நாமும் எழுதுவதாக ஆகும்.

> அப்படியானால் ‘ஏல மீதி’? மீதிச் சில்லறை மாதிரி, கொடுத்தவருக்கே திரும்புவது என்ற பொருள் வருமே.

அக்கா சொன்ன ‘மீதி’ அருமையான சொல். மீதி என்றாலே கேட்டு வாங்க வேண்டியது என்பது குழந்தைக்கும் தெரியும். அதை விடக்கூடாது. சிக்கல் முன்னால் இருக்கும் ‘ஏல’த்தில். ஏலம் எடுத்தவர் முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு கட்ட வேண்டிய தொகையையும் ‘ஏல மீதி’ என்றுதான் படிப்பார்கள். வீட்டை இழந்தவர், ‘இன்னும் மீதி கட்டச் சொல்கிறார்களா?’ என்று பயந்துபோவார். எந்த ஆளுக்கு எழுதுகிறோமோ அந்த ஆளையே மிரட்டுகிற சொல் நமக்கு வேண்டாம்.

> சரி, ‘கடன்போக மீதி’?

நெருங்கிவிட்டோம். ‘செலவு போக மீதி’ என்று கணக்கு எழுதுகிற பழக்கம் நமக்கு இருப்பதால் விளக்கமே தேவைப்படாது. ஆனால் எந்தக் கடன் போக? இதில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

ஒரு வீடு வரி ஏலத்தில் 60,000 டாலருக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். வரி, வட்டி, ஏலச் செலவு எல்லாம் சேர்ந்து 11,000. கவுண்டி கணக்கில் 49,000 நிற்கும். அந்த வீட்டின் மேல் வங்கிக்கு 20,000 அடமானப் பாக்கி இருந்தால் அந்த வங்கியும் இதே 49,000-இல் தன் பங்கைக் கேட்கலாம். பொதுவாக உடையவருக்கு முன்னால் அதற்குத்தான் வரிசை. கடைசியில் அவர் கைக்கு வருவது 29,000. ‘கடன்போக மீதி’ என்றால் எல்லாக் கடனும் கழிந்த 29,000 என்றே எவரும் எடுத்துக்கொள்வார்கள். அலுவலகம் சொல்வதோ 49,000-ஐ. அதை முழுசாக நம்பி இன்னொரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் என்னாவது?

ஆகவே என் முன்மொழிவு: வரி ஏலம் என்றால் ‘வரிபோக மீதி’, வீட்டுக் கடன் கட்டாததால் நடக்கும் அடமான ஏலம் என்றால் ‘அடமானம்போக மீதி’. எது கழிந்திருக்கிறது, எது கழியவில்லை என்பது சொல்லிலேயே தெரிகிறது. மற்ற பாத்தியதைகளும் (வங்கி போன்றவர்களுக்கு அந்தச் சொத்தின் மேல் உள்ள உரிமைகளும்) தீர்ந்து கடைசியில் கைக்கு வருவதை ‘உடையவர் பங்கு’ எனலாம். இரண்டு ஏலத்துக்கும் பொதுவாக ஒரு சொல் தேவையில்லை என்றே நினைக்கிறேன். எந்த அறிவிப்பிலும் எந்த ஏலம் என்பது இருக்கும். ஆனால் அந்த ஊர் அலுவலகச் சொல்லை அடியில் ஒலிபெயர்த்துத் தர வேண்டும். கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் எக்ஸஸ் புரொசீட்ஸ், ஜார்ஜியாவில் எக்ஸஸ் ஃபண்ட்ஸ், ஃப்ளோரிடாவில் சர்ப்ளஸ், மிச்சிகனில் ரிமெய்னிங் புரொசீட்ஸ். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஓவரேஜ் என்பார்கள். தொலைபேசியில் கேட்க அது உதவும்.

> பணத்தை வாங்குவதற்கு ‘மீதி மீட்பு’ எனலாமா?

இதற்கு மட்டும் அழுத்தமாக வேண்டாம் என்பேன். பாக்கியைக் கட்டி வீட்டையே திரும்பப் பெறுவதற்கு நமக்கு ‘மீட்பு’ வேண்டும். அந்தக் காலவரம்பு ‘மீட்புக் கெடு’. அதே சொல்லைப் பணத்துக்கும் போட்டால் வயதானவர்கள் வீடு திரும்பி வரும் என்று நம்பிவிடுவார்கள். ‘கோரிக்கை’ போதும்: கோரிக்கைப் படிவம், கோரியவர், கோரிக்கைக் கெடு. உடையவர் இறந்திருந்தால் ‘வாரிசு கோரிக்கை’.

அப்புறம், ‘உங்கள் பணத்தை எடுத்துத் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள்’ என்று அழைக்கிற ஆட்களை ‘மீட்பு நிபுணர்’ என்று எழுதவே கூடாது. ‘கமிஷனுக்குக் கோருபவர்’ என்றால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். டெக்சஸில் உடையவருக்காக இதை வாங்கித் தரும் வழக்கறிஞரே 25 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் கட்டணம் வாங்க முடியாது. பல ஊர்களில் படிவத்தை உடையவரே நேரடியாகக் கொடுக்கலாம். அந்த வரியும் நம் மாதிரிக் கடிதத்தில் இருக்க வேண்டும். அதன் தொடக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:

“உங்கள் வீடு வரி ஏலத்தில் விற்கப்பட்டது. வரிபோக மீதி 49,000 டாலர் எங்களிடம் இருக்கிறது. வேறு பாத்தியதை உள்ளவர்களுக்குக் கொடுத்தபின் நிற்பது உங்கள் பங்கு. கோரிக்கைப் படிவத்தை நீங்களே நிரப்பி, கீழே உள்ள தேதிக்குள் கொடுங்கள்.”

‘பாத்தியதை’ பழைய பத்திரச் சொல் என்பது தெரியும். ‘பற்றுரிமை’யைவிட வீட்டுப் பத்திரம் பார்த்தவர்களுக்கு அது பழக்கம். இதற்கு மேல் எளிதான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.