எலக்ட்ரிக் பஸ் வந்துடுச்சு சரி, ஸ்டாப்புல நிக்கறவங்களுக்கு என்ன மாறுச்சு?

ஸ்டாப்புல_நிக்கறவ:
சென்னையில 2025 ஜூன் 30 அன்னிக்கு வியாசர்பாடி டிப்போவுலருந்து 120 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்க, அப்புறம் பெரும்பாக்கத்துலருந்தும் ஓட ஆரம்பிச்சுது. நல்ல விஷயம்தான். ஆனா நேத்து சாயங்காலம் நான் 6.10க்கு வந்து நின்னேன், எங்க ரூட் பஸ் வந்தது 6.55க்கு, படிக்கட்டு வரைக்கும் ஆளு தொங்குது, ஏறவே முடியல. பக்கத்துல நின்ன பொண்ணு லோன் போட்டு ஸ்கூட்டி வாங்கிடப் போறேங்கறா. டீசலா கரண்டாங்கறதெல்லாம் அப்புறம், எத்தன நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு, அத மொதல்ல சொல்லுங்க.

பேட்டரி_வண்டி:
வாங்கட்டும்ங்க, எலக்ட்ரிக்கா வாங்கட்டும். நான் ரெண்டு வருஷமா ஓட்டறேன், பங்க் பக்கம் போறதே இல்ல. எங்க அபார்ட்மென்ட்ல சார்ஜிங் பாயின்ட் போட அசோசியேஷன் ஒத்துக்கல, மூணாவது மாடியிலருந்து ஒயர் தொங்கவிட்டு சார்ஜ் போடறேன், மழை வந்தா சுருட்டி எடுக்கணும். இந்தத் தொல்லையோடயும் பஸ்ஸுக்கு நிக்கறதவிட இது மேல். மொதல்ல சார்ஜிங் பாயின்ட்டுக்கு வழி பண்ணுங்க.

எண்ணூர்_பக்கம்:
உங்க வண்டிக்குப் புகை இல்ல ப்ரோ, ஆனா கரண்டு எங்கருந்து வருது? அத்திப்பட்டுல நிலக்கரி எரியுது, சாம்பல் கொசஸ்தலையாத்துல கலக்குது, எங்க ஆளுங்க அந்தக் கழிமுகத்துலதான் எறா புடிக்கறாங்க. அண்ணா சாலையில காத்து சுத்தமாக எங்க ஊரு நாசமாப் போகணுமா?

பேட்டரி_வண்டி:
நிலக்கரி ஏசிக்கும்தான் எரியுது, என் வண்டிக்கு மட்டுமா? கன்னியாகுமரிப் பக்கம் முப்பந்தல்ல காத்தாலைக் காத்தாடி சுத்துதே, அதுவும் கரண்டுதான.

எண்ணூர்_பக்கம்:
காத்தாடி சீசன்லதான் நல்லா சுத்தும், நீங்க வருஷம் பூரா ராத்திரி ராத்திரி சார்ஜ் போடறீங்க. அம்பது பேரு அம்பது வண்டிக்கு சார்ஜ் போடறதுக்கு ஒரே பஸ்ஸுக்குப் போட்டா ரோட்டுல எடமாவது மிச்சம், நான் கேக்கறது அவ்ளோதான். நீங்க பெட்ரோல விட்டுட்டீங்க சரி, சிக்னல்ல அதே எடத்ததான அடைச்சுட்டு நிக்கறீங்க.

முழங்கால்_வலி:
ஒண்ணு சொல்லணும். எங்கப்பாவுக்கு ரெண்டு முழங்காலும் போச்சு, பழைய பஸ் படி ஏற ரெண்டு பேர் தூக்கிவிடணும். இந்தப் புது தாழ்தளப் பஸ்ஸு ஸ்டாப்புல நின்னதும் அப்படியே ஒரு பக்கமா சரிஞ்சு கொடுத்துச்சு, அவரே கம்பியப் புடிச்சு ஏறிட்டாரு, உள்ள உக்காந்து என்னப் பாத்து சிரிச்சாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதனால புது பஸ்ஸு எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க.

ஸ்டாப்புல_நிக்கறவ:
அப்பா ஏறினது ரொம்ப சந்தோஷம்ங்க, புது பஸ் வேணாம்னு நான் சொல்லவே இல்ல. இந்த பஸ்ஸெல்லாம் கான்ட்ராக்ட்ல ஓடுது, கம்பெனியே வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுது, கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு அரசு காசு குடுக்குது. அப்ப எந்த ரூட்ல எத்தன ட்ரிப்புன்னு ஸ்டாப்புலயே எழுதி ஒட்டலாம்ல? 2021 மே மாசத்துலருந்து சாதாரணக் கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, எங்கம்மா அத வெச்சுதான் வேலைக்குப் போறாங்க. ராத்திரி 9 மணிக்கு மேல எங்க ஸ்டாப்புக்கு பஸ்ஸே கெடையாது, ஆட்டோவுக்கு 150 ரூபா கேக்கறான். அவங்களுக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது, பேட்டரி_வண்டி சார், அவங்க எதுல வீட்டுக்கு வர்றது?

பேட்டரி_வண்டி:
இதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா. ராத்திரி ட்ரிப் கேட்டு மனு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்.