டோக்கியோவா கியோட்டோவா? அம்மா அப்பாவோட முதல் ஜப்பான் ட்ரிப்

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல்ல அம்மா அப்பாவ ஜப்பான் கூட்டிட்டுப் போறேன், ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம், லீவு ஒரு வாரம்கூட இல்ல, அதனால எந்த ஊர்ல அதிக நாள் தங்குறதுன்னுதான் குழப்பம். அப்பாவுக்கு டோக்கியோல ஷிபுயா கிராஸிங் (ஒரே நேரத்துல கூட்டம் கூட்டமா ரோட்டக் கடக்குற இடம்), அந்தப் பரபரப்பு எல்லாம் பாக்கணும். அம்மாவுக்கு கியோட்டோதான், ஆயிரம் வருஷத்துக்கு மேல தலைநகரா இருந்த ஊராச்சே, அங்க ஃபுஷிமி இனாரிங்கிற கோயில்ல மலை மேல வரைக்கும் போற அந்த செந்நிற வாசல் வரிசைய ஃபோட்டோல பாத்துட்டே இருக்காங்க. ஆனா அங்க படி ஜாஸ்தி, கியோமிசு கோயிலுக்கும் ஏத்தம்தான், மெட்ரோ ரெண்டே லைன், நிறைய கோயிலுக்கு பஸ்லதான் போகணும், சகுரா சீசன் கூட்டம் வேற, அம்மாவுக்கு முட்டி வலி.

டோக்கியோலயே அசகுசா ஏரியால சென்சோஜி கோயில் இருக்கு, சமதரை, அது போதுமா? டோக்கியோலேர்ந்து கியோட்டோவுக்கு நோசோமி புல்லட் ட்ரெயின்ல ரெண்டேகால் மணி நேரம்தான், ஆனா ஒரு டிக்கெட்டே 14,000 யென் பக்கம், 7 நாள் ஜேஆர் பாஸும் (டூரிஸ்ட்டுகளுக்கான ஜப்பான் ரயில் பாஸ்) 2023 அக்டோபர்ல 50,000 யென் ஆயிடுச்சு, ரெண்டு ஊருக்கு மட்டும்னா பாஸ் கட்டுப்படியாகாது.

அம்மா சுத்த சைவம், மிசோ சூப்லயே மீன் சாறு சேர்ப்பாங்க. வயசானவங்களோட போனவங்க சாப்பாட்ட எப்படி சமாளிச்சீங்க, எந்த ஏரியால தங்குனா நடை கம்மின்னு சொல்லுங்க ப்ளீஸ், அடுத்த வாரம் ரூம் போடணும்.